ஆறாவது கம்பி பிந்தித்தான் வரும்

சிவபாலனைப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகியும் மேடையில் அவனுடைய இடம் அப்படியே கிடந்தது. இடது பக்கம், கீபோர்ட் நிற்க வேண்டிய இடத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு வெளி விட்டுத்தான் எல்லாரும் நின்றார்கள். யாரும் பேசி வைத்து அப்படி நிற்கவில்லை. அந்த வெளிக்கு அடுத்ததாகக் கிற்றாரோடு நிற்பவன் வேலுசாமி.

வேலுசாமி பொகவந்தலாவைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் மனைவி இராமலெட்சுமியோடு குடியிருந்தான். கிழமை நாட்களில் இரும்புக் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாண வரவேற்புகளுக்குக் கிற்றார். சிவபாலன் வெள்ளவத்தையில் அக்காவோடு இருந்தவன். ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பில், பல்தேய்த்துக்கொண்டு நின்றவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு மத்தியானம் விட்டுவிடுவோம் என்று சொன்னார்களாம். அது தொண்ணூற்றெட்டாம் வருசம். அப்படிச் சொல்லி ஏற்றப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

கீபோர்ட் இல்லாமல் பாட்டுக் குழு சமாளித்துப் பார்த்தது. வேறு ஆள் தேடினால், வாசிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தார்கள். மிச்சப் பேர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடி சாவடியாக இறங்கி ஏறப் பயந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்குக் கிட்ட வந்து, "பாட்டிலை எலும்பு இருக்குது தம்பியவை, சதையைக் காணேல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

குழுவை நடத்திய இராசரத்தினத்துக்கு அந்தச் சொல் சுட்டுவிட்டது. அடுத்த ஒத்திகைக்கு அவர் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்.

"இதைப் பார் வேலு. கிற்றாரிலை இந்த மிடி பிக்கப்பைப் பூட்டினால் சரியாம். நீ கிற்றார் வாசிக்க வயலின் கேக்குமாம், புல்லாங்குழல் கேக்குமாம்."

வேலுசாமிக்கு அது தெரியாத விஷயமில்லை. சிவபாலனே பல தடவை அதைப் பற்றிக் கதைத்திருக்கிறான்.

"பிக்கப்புக்குன்னு தனியா சத்தம் இல்லைண்ணே. நம்ம எந்தச் சுரம் வாசிக்கிறோம்னு அது கண்டுபிடிச்சுச் சொல்லும். சத்தம் குடுக்க ஒரு கீபோர்ட் வேணும்."

"சிவாவின்ரை கீபோர்ட் வீட்டிலை சும்மாதானே கிடக்குது?"

வேலுசாமி கிற்றாரை உறையில் வைத்து மூடினான்.

"என்னைக் கெட்டவனாய்ப் பாக்காதை. ஆறு குடும்பம் இதிலை சாப்பிடுது. அவன் வாற அண்டைக்கு வரட்டும், அதுவரைக்கும் என்ன செய்யிறது?" என்றார் இராசரத்தினம். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கவும் வேலுசாமிக்குத் தெம்பிருக்கவில்லை.

அடுத்த நாள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மருதானைக்குப் போனான். அங்கே பௌஸிக்கு அம்ப்ளிபயர் திருத்தும் கடை. வீடு கொம்பனித்தெருவில். கொழும்பில் வாசிக்கிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஏதாவது ஒரு நாள் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள்தான். கப்பலில் வேலை செய்யும் மச்சான் மூலம் சிங்கப்பூரிலிருந்து எதையும் எடுப்பித்துத் தருவார்.

பௌஸி கிற்றாரை மேசையில் கிடத்தி, கம்பிகளின் மேல் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு வழி ஈக்கி வேலு. ஒண்டு, இந்தப் பிரிட்ஜக் கழட்டிப்போட்டு வேற பிரிட்ஜ் போடுற. ஒவ்வொரு கம்பியும் குந்துற எடத்துலயே ஒவ்வொரு சென்சர் ஈக்கும். நல்லாப் புடிக்கும், பிழை குறைவு. ஆனா மரத்தக் குடையோணும். ஒயருக்கு வழி வெட்டோணும். வெட்டினா வெட்டினதுதான்."

"மத்தது?"

"மத்தது மேலால ஒட்டுற. மெல்லிசுப் பட்டி மாதிரி ஒண்டு, ஆறு கம்பிக்கும் கீழ ஆறு குட்டிப் பிக்கப். பிரிட்ஜுக்குப் பக்கத்துல ஒட்டிட்டு, பெட்டிய இடுப்போரமாப் பூட்டினாச் சரி. வேணாண்டா கழட்டலாம். ஆனா இது கொஞ்சம் தடுமாறும். நீங்க சுத்தமா வாசிக்கோணும்."

பிறகு அவர் அடிமட்டத்தை எடுத்துப் பிரிட்ஜுக்கும், கிற்றாரின் சொந்தச் சத்தத்தைப் பிடிக்கும் பின்பக்கப் பிக்கப்புக்கும் நடுவே வைத்தார். இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எடம் காணா. ஒட்டுறதுண்டா இந்தப் பின்பக்கப் பிக்கப்பக் கழட்டோணும்."

தனிவாசிப்பு வரும்போது வேலுசாமி சுவிட்சைத் தட்டி மாறுவது அந்தப் பிக்கப்புக்குத்தான். உறைப்பான சத்தம் அது. மண்டபத்தின் கடைசி வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனும் தலையை நிமிர்த்துவான். தன் வாசிப்பில் தன்னுடையது என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது.

"வெட்டிப் போடுறது நல்லம் வேலு. வேலையும் சுத்தம், உங்கட சத்தமும் நிக்கும்" என்றார் பௌஸி.

"வேணாம் பௌஸி நானா, ஒட்டுங்க."

"ஏன்?"

"சிவா வந்துட்டான்னா கழட்டிடலாமில்ல."

பௌஸி பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு இரண்டு பிளேன்டீக்குச் சொன்னார்.

சாமான் வருவதற்குள் கீபோர்ட்டைக் கேட்க வேண்டும். அந்த வேலையைத்தான் வேலுசாமி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினான்.

சிவபாலனின் அக்கா சரோஜினிதேவி ஒரு கம்பனியில் தட்டச்சுச் செய்பவர். தம்பிக்காக அலைந்து அலைந்து ஆள் பாதியாகியிருந்தார். கீபோர்ட் முன்னறையில், பூப்போட்ட துணி மூடி, நிறுத்தியபடியே இருந்தது. வேலுசாமி வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் அந்தத் துணியின் ஓரத்தையே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் செத்துப் போனானெண்டு நினைச்சிட்டியளோ?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"பிறகென்ன? உயிரோடை இருக்கிறவன்ரை சாமான். அவனைக் கேக்காமல் நான் தரமாட்டன். புதன்கிழமை பாக்கப் போறன். வேணுமெண்டால் நீங்களும் வந்து உங்கடை வாயாலை கேளுங்கோ."

புதன்கிழமை இருவரும் விடிய முதல் பஸ் ஏறினார்கள். தடுத்து வைத்திருந்த இடம் தெற்கே தூரத்தில் இருந்தது. போய் இறங்கி, வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, சாப்பாட்டுப் பொதியைக் கிளறிப் பார்க்கக் கொடுத்து, திரும்பவும் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறி நெற்றியைச் சுட்டது. வரிசையில் முன்னால் நின்ற ஒரு தாய் நின்றபடியே கண்ணயர்ந்து, ஆள் நகரும்போது தானும் நகர்ந்துகொண்டிருந்தாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிவபாலன் வந்து நின்றான். மெலிந்து, தாடி வளர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்தார்கள். சரோஜினிதேவி, "சாப்பிட்டியோ? காய்ச்சல் விட்டுதோ?" என்றார். அவன் தலையை மட்டும் அசைத்தான். அவன் பார்வை அக்காவின் தோளுக்கு மேலே எங்கேயோ போயிருந்தது.

வேலுசாமி குரலை உயர்த்தி விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான்.

சிவபாலன் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தான்.

"எந்தப் பிக்கப் மச்சான்? ஒட்டிறதோ, பிரிட்ஜோ?"

"ஒட்டுறது."

"உன்ரை கிற்றாரிலை அதுக்கு இடமில்லையே. பின்பக்கத்தைக் கழட்டப் போறியோ?"

"ஆமாடா."

"விசரா..." சிவபாலன் வலைக்குக் கிட்ட வந்தான். "சரி, கேள். பிரிட்ஜுக்கு எவ்வளவு கிட்ட வைக்கேலுமோ அவ்வளவு கிட்ட வை. கடைசிக் கட்டையிலை கம்பியை அமத்திப் பிடிச்சால், கீழை கம்பி தட்டுற பிக் ஒண்டு போற அளவு இடைவெளிதான் இருக்கோணும். கம்பி புதுசாய்ப் போடு, பழங்கம்பி பொய் சொல்லும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு சனல் குடு, இல்லாட்டி நீ ஒரு கம்பியை வளைக்க எல்லாம் சேர்ந்து வளையும். கீபோர்ட்டிலை ஆறு சனலுக்கும் ஒரே சத்தத்தை வை."

"மெதுவா சொல்லுடா, மறந்துடும்."

"ஆறாவது கம்பி பிந்தித்தான் வரும். அது தடிச்ச கம்பி, ஆறுதலாய்த்தான் ஆடும். அது என்ன சுரமெண்டு பெட்டி கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். நீ அந்தரப்படாதை. வயலினெல்லாம் மெல்லிசுக் கம்பியளிலை வாசி. கீபோர்ட்டிலை நான் செய்து வைச்ச வயலின் சத்தம் ஒண்டு கிடக்குது, கடைசி வரிசையிலை..."

காவலாளி வந்து தோளைத் தட்டினான். சிவபாலன் சொல்லிக்கொண்டே பின்னுக்கு நடந்தான். கதவுக்குள் போகும்வரை அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. கைகளைக் கடைசிவரை முன்னுக்குக் கொண்டுவரவேயில்லை.

பஸ்நிலையத்தில் சரோஜினிதேவி வெடித்தார்.

"தாற கொஞ்ச நேரம். அதையும் நீங்கள் எடுத்துப் போட்டியள். நான் கேட்ட ஒண்டுக்கும் அவன் பதில் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்திலை அம்மா என்ன பாடெண்டு ஒரு வார்த்தை கேட்டவனே?"

"மன்னிச்சுக்குங்கக்கா."

அவர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பஸ் வந்து, ஏறி, பாதி வழி வந்து, கடல் தெரியத் தொடங்கிய பிறகு, யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"போன முறை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அதுக்கு முந்தின முறையும் இல்லை. இண்டைக்குத்தான் அவன்ரை குரலைக் கேட்டனான்." பிறகு, "வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. துணியையும் கொண்டு போங்கோ, தூசி படக்கூடாது" என்றார்.

சாமான் வந்து சேர்ந்ததும் பௌஸி கடையின் முன்கதவைப் பாதி இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். பழைய பிக்கப்பின் ஒயரைச் சுட்டுக் கழற்றி, அதைப் பழந்துணியில் சுற்றி வேலுசாமியின் கையில் கொடுத்தார். காலியான குழிக்கு ஒரு கறுப்புத் தகடு. அதற்கும் பிரிட்ஜுக்கும் நடுவே புதுப் பட்டியை முதலில் லேசாக ஒட்டி, ஒவ்வொரு கம்பியும் தன் தன் குமிழுக்கு நேரே வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தடித்த கம்பிப் பக்கம் கொஞ்சம் இடித்தது. பிரிட்ஜை அந்தப் பக்கம் உயர்த்தி, கம்பி தட்டும் பிக்கை இடையில் விட்டுப் பார்த்து, திரும்பவும் உயர்த்தி, சரியானதும் அழுத்தி ஒட்டினார். கிற்றாரின் ஓரத்தில் பூட்டிய பெட்டியிலிருந்து தடித்த கேபிள் ஒன்று வெளியே வந்து, சுரம் கண்டுபிடிக்கும் இன்னொரு பெட்டிக்குப் போய், அங்கிருந்து சிவபாலனின் கீபோர்ட்டுக்குப் போனது.

"ஒண்டொண்டாத் தட்டுங்க. மெதுவாயும் தட்டுங்க, பலமாயும் தட்டுங்க."

ஒவ்வொரு கம்பிக்கும் எவ்வளவு உணர வேண்டும் என்று தனித்தனியே சரிசெய்ய வேண்டியிருந்தது. கூட்டினால், கை பட்ட சத்தத்துக்கெல்லாம் கீபோர்ட் கீச்சிட்டது. குறைத்தால், வாசித்த சுரத்தையே விழுங்கியது. கம்பியில் விரல் இழுபடும் சின்னச் சத்தம்கூட வேறொரு சுரமாக வந்து விழுந்தது. மத்தியானம் தாண்டி, சாப்பாட்டுப் பார்சல் பிரித்து, திரும்பவும் தொடங்கி, ஒருவழியாக ஆறு கம்பியும் சொன்னபடி கேட்டன.

சிவபாலன் செய்து வைத்திருந்த வயலின் சத்தத்தைக் கீபோர்ட்டில் தேடி எடுத்துப் போட்டான் வேலுசாமி. மெல்ல எழும்பி வந்து, முடிவில் கொஞ்சம் நடுங்கி அடங்கும் சத்தம். எத்தனையோ மேடைகளில் இடது காதில் கேட்ட அதே சத்தம், இப்போது அவன் விரலிலிருந்து வந்தது. அவன் கிற்றாரை மேசையில் வைத்துவிட்டான்.

"என்ன, சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு நானா."

வீட்டில் பழகத் தொடங்கியபோதுதான் களைப்புத் தெரிந்தது. இருபது வருசமாகக் கை பழகியிருந்த எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது. வாரி அடிக்கக் கூடாது, சறுக்கக் கூடாது, ஒரு சுரம் முடிந்த பின்தான் அடுத்தது. கடையில் நாள் முழுக்க இரும்பு தூக்கிய கையால் பூப் பறிப்பது போலத் தட்ட வேண்டும். இராமலெட்சுமி அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"என்னாங்க, யாருக்கோ பயந்துகிட்டு வாசிக்கிற மாதிரியில்ல இருக்கு?"

"பொட்டிக்குத்தான் பயம்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

புதுப் பிக்கப்போடு முதல் கல்யாணம் வெள்ளவத்தையில்தான் வந்தது. பகல் விருந்து, அந்தக் காலத்தில் எல்லாரும் இருட்ட முதல் வீடு போய்ச் சேரப் பார்த்தார்கள். கீபோர்ட்டை இடது பக்கத்து வெளியிலேயே நிறுத்தினார்கள். பின்னால் ஆளில்லை. பாட்டின் நடுவே வயலின் எழும்பியபோது முன்வரிசைப் பிள்ளைகள் எழும்பி வந்து, வாசிக்கிறவரைக் கீபோர்ட்டுக்குக் கீழே குனிந்து தேடினார்கள். சனம் கை தட்டியது. வேலுசாமிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. தான் எதையோ எடுத்து உடுத்திக்கொண்டு நிற்பது போல இருந்தது.

சாமான் கட்டும்போது இராசரத்தினம் அவன் முதுகில் தட்டினார்.

"இனி எங்களுக்குக் கீபோர்ட்காரன் தேவையில்லை வேலு!"

சந்தோசத்தில் சொன்ன சொல்தான். வேலுசாமி கேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

அந்த வருசம் முடியும் தறுவாயில் சிவபாலனை விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, போகலாம் என்று சொன்னார்களாம். சரோஜினிதேவி இரும்புக் கடைக்கு ரெலிபோன் எடுத்து, "வீட்டை வந்திட்டான்" என்று மட்டும் சொன்னார். வேலுசாமி அடுத்த ஞாயிறே கீபோர்ட்டைப் பூப்போட்ட துணியில் சுற்றி, கிற்றாரையும் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, முச்சக்கர வண்டியில் போய் இறங்கினான்.

சிவபாலன் சாய்மனைக் கதிரையில் இருந்தான். எழும்பி வந்து வேலுசாமியைக் கட்டிப் பிடித்தான். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். சிவபாலன் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தூக்கிக் குடித்தான். அப்போதுதான் வேலுசாமி அவன் விரல்களைப் பார்த்தான். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. இடது கை மணிக்கட்டிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"டொக்டர் நரம்பு எண்டு சொல்லுறார். கொஞ்சம் கொஞ்சமாய் வருமாம்" என்றார் சரோஜினிதேவி.

"வராதாம்" என்றான் சிவபாலன், கோபமில்லாமல்.

வேலுசாமி கீபோர்ட்டைச் சுற்றிய துணியை அவிழ்க்கத் தொடங்கினான். "உன் கீபோர்ட் கொண்டாந்திருக்கேன். பிக்கப்பையும் கழட்டிடுறேன்டா" என்று ஏதோ உளறினான்.

"ஏன் கழட்டப் போறாய்? போட்டுக் காட்டு."

வேலுசாமி எல்லாவற்றையும் இணைத்தான். ஒரு பழைய மெட்டை வாசித்தான். சிவபாலன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாதியில் கையை உயர்த்தினான்.

"தடிச்ச கம்பிக்கு ஏன் போறாய்? பிந்துது. அதை நீ பிந்த விட்டிட்டு, மற்றதையும் பிந்த வாசிக்கிறாய். ரெண்டு பிழை." எழும்பிக் கீபோர்ட்டுக்குப் பின்னால் போய் நின்றான். மடங்காத விரலின் முனையால் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்தினான். "இந்தப் பாட்டுக்கு முதலிலை குழல், சரணத்திலைதான் வயலின். நீ வாசிக்கிற நேரம் உன்ரை கையாலை சத்தம் மாத்தேலாது. வாசி, நான் மாத்திறன்."

வேலுசாமி வாசித்தான். சரணம் தொடங்கும் இடத்தில் சத்தம் தானாகவே மாறியது. சிவபாலன் இடது உள்ளங்கையால் ஒலியளவைத் தள்ளி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் வயலினை மெல்ல அடங்க வைத்தான். நடுக்கம் கையில் இருந்தது, சத்தத்தில் இல்லை. சரோஜினிதேவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். உள்ளே தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

சிவபாலனைத் திரும்ப மேடைக்குக் கூட்டி வரலாம் என்று வேலுசாமி சொன்னபோது இராசரத்தினம் தயங்கினார். "வாசிக்க ஏலாதவனை மேடையிலை ஏத்திச் சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. சனம் கேட்கத்தானே வருது? சிவா நிக்கலைன்னா நானும் நிக்கலை."

அப்படி அழுத்திச் சொல்வது வேலுசாமியின் வழக்கமில்லை. இராசரத்தினம் அவனையும், தரையில் கிடந்த கேபிள்களையும் பார்த்துவிட்டு, "சரி, பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

தை மாதத்துக் கல்யாணம் ஒன்றில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சனத்தின் கண்ணுக்குக் கீபோர்ட்காரன் வாசித்தான், கிற்றார்காரன் துணைக்கு நின்றான். விருந்து முடிந்ததும் பெண்ணின் மாமனார் மேடைக்கு வந்து, "என்ன மாதிரியான வயலின் தம்பி! கண் கலங்கிப் போனன்" என்று சிவபாலனின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். சிவபாலனின் முகம் வெளிறியது. "நன்றி ஐயா" என்றான். அவர் போன பிறகு வேலுசாமியிடம் திரும்பி, "மன்னிச்சுக்கொள், உனக்கு வர வேண்டியது" என்றான்.

"நீயே வச்சுக்க. ரொம்ப வலிக்குதா?"

"பரவாயில்லை."

வான் காலி வீதியில் ஊர்ந்தது. விடுதலையான நாளிலிருந்து சிவபாலனுக்குச் சரியான நித்திரை இல்லை என்று அக்கா சொல்லியிருந்தார். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்பிவிடுவானாம். அன்றைக்கு, பின் ஆசனத்தில் கிற்றார் உறையில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி உறங்கிப்போனான். வேலுசாமி அசையாமல் இருந்தான். டிரைவரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னான்.

சந்தியில் இராணுவத்தான் கை காட்டினான். வான் நின்றது. துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு, யன்னலுக்குள் குனிந்து, "ஐடி" என்றான். எல்லாரும் எடுத்துக் கொடுத்தார்கள். அவன் தூங்கிக்கொண்டிருப்பவனைச் சுட்டிக் காட்டினான்.

"பேண்ட் எக்க மாத்தயா, மஹன்சியி" என்று வேலுசாமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இழுத்தான். பாட்டுக் குழு ஐயா, களைத்துப் போயிருக்கிறார்.

இராணுவத்தான் நீட்டிய கையை எடுக்காமல் நின்றான். எழுப்பத்தான் வேண்டும். வேலுசாமி சிவபாலனின் தோளில் கையை வைத்து, மெல்ல, "சிவா. நான்தான்டா. ஐடி மட்டும்" என்றான்.

சிவபாலன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கண் நிலைகுத்தியது. கை சட்டைப் பைக்குப் போனது. விரல்கள் அட்டையைப் பிடிக்க மறுத்தன. வேலுசாமியே எடுத்து நீட்டினான். இராணுவத்தான் அட்டையைப் பார்த்தான், சிவபாலனின் முகத்தைப் பார்த்தான், நடுங்கும் கையைப் பார்த்தான். மேடையில் பூசிய சந்தனம் சிவபாலனின் நெற்றியில் காய்ந்திருந்தது. இருபது வயதுகூட இராது அந்த இராணுவத்தானுக்கு. கண்கள் சிவந்து, அவனும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த மாதிரித்தான் தெரிந்தது.

"ஹரி, யன்ன" என்று அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான். சரி, போங்கள்.

வான் நகர்ந்தது. சிவபாலன் மூச்சை இழுத்து விட்டான்.

"ரெண்டாவது பாட்டிலை சத்தம் மாத்தினது பிந்திப் போச்சு, என்ன?"

"கொஞ்சம்."

"வாற கிழமை பழகுவம்" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் கிற்றார் உறையில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.